முன்னேர் போன வழி

‘முன்னேர் போன வழியே பின்னேர்’ என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். மாடு கட்டி உழுத காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வயலில் ஐந்தாறு ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது, முதல் ஏர் கோணினால் பின்னால் வரும் அத்தனையும் கோணும். அதனால் முன்னேரில் எப்போதும் கைதேர்ந்த ஆளைத்தான் விடுவார்கள்.

இந்தப் பதிவு, வானத்தில் முன்னேர் பிடித்தவர்களைப் பற்றியது. ராணுவத்தில் அவர்களுக்குப் ‘பாத்ஃபைண்டர்’ என்று பெயர். தமிழில் வழிகாட்டி வீரர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும் படை விமானங்களில் வந்து பாராசூட்டில் குதிப்பதற்கு முன்னால், பத்துப் பதினைந்து பேராக எதிரியின் நிலத்தில் போய்க் குதிப்பார்கள். அங்கே விளக்கும் வயர்லெஸ் கருவியும் வைத்து, பின்னால் வரும் விமானங்களை அழைப்பார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் 1942 முதல் இதே பெயரில் ஒரு பிரிவு இருந்தது. அது வேறு. அவர்கள் விமானத்தில் இருந்தபடியே குண்டுவீச்சுக்கு இலக்குக் காட்டியவர்கள். நான் சொல்ல வருவது, தரையில் நின்று வழிகாட்டிய ராணுவ வீரர்களைப் பற்றி.

நம் வயதுக்காரர்களில் பலர் ‘தி லாங்கஸ்ட் டே’ படம் பார்த்திருப்பீர்கள். நார்மண்டியில் வானம் முழுக்கப் பாராசூட்டுகள் இறங்கும் காட்சி இருக்கும். தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எனக்குச் சண்டைக் காட்சிகளைவிட ஒரு கேள்விதான் மனதில் நின்றது. ஊரெல்லாம் விளக்கை அணைத்து இருட்டாக்கி வைத்திருக்கும் நேரத்தில், நூற்றுக்கணக்கான விமானங்கள் நள்ளிரவில் ஒரு குறிப்பிட்ட வயலை எப்படிக் கண்டுபிடித்தன? ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. பல விமானங்கள் கண்டுபிடிக்கவே இல்லை!

சிரமம் என்னவென்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்றது நம் டகோட்டா விமானம். அமெரிக்கர்கள் அதை சி-47 என்பார்கள். ஆட்கள் குதிக்கும் நேரத்தில் அதன் வேகத்தை மணிக்குச் சுமார் 110 மைலாகக் குறைப்பார்கள். குறைத்தும்கூட அது நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் ஓடும். பச்சை விளக்கைப் போடப் பத்து நொடி தாமதித்தால் ஆட்கள் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுவார்கள். அன்றைக்கு ஜி.பி.எஸ். கிடையாது. கடிகாரம், திசைகாட்டி, வரைபடம், கீழே நிலவொளியில் தெரியும் ஆறு, கடற்கரை, இவைதான் துணை. பக்கவாட்டில் காற்று அடித்தாலோ மேகம் மறைத்தாலோ அதுவும் போச்சு.

1943 ஜூலையில் இத்தாலியின் சிசிலித் தீவில் நேசநாடுகள் இறங்கியபோது இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். ஜூலை 9-ஆம் தேதி இரவு, கர்னல் ஜேம்ஸ் கேவின் தலைமையில் அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வட ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பினார்கள். வழியில் பலத்த காற்று. விமான வரிசைகள் கலைந்தன. தீவின் தென்கிழக்குப் பகுதி முழுக்க ஆட்கள் சிதறி விழுந்தார்கள். கேவினே தன் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி விழுந்து, இருட்டில் தன் படையைத் தேடி நடந்தார்.

அதே இரவில் பிரிட்டிஷ் வீரர்கள் கிளைடர்களில் வந்தார்கள். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்து வந்து, உரிய இடத்தில் கயிற்றை விட்டுவிடும். எதிர்க்காற்றிலும் பீரங்கிச் சூட்டிலும் இழுத்து வந்த விமானிகள் தூரத்தைத் தப்பாகக் கணித்து, கரை வருவதற்கு முன்பே கயிற்றை விட்டார்கள். 140-க்கும் மேற்பட்ட கிளைடர்களில் அறுபதுக்கும் மேலானவை கடலில் இறங்கின. இருநூறுக்கும் அதிகமானோர் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் பலருக்கு எதிரியின் முகத்தைப் பார்க்கக்கூட வாய்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நடந்தது இன்னும் கொடுமை. ஜூலை 11 இரவு, கரையில் இருந்த படைக்குத் துணையாக 144 டகோட்டாக்களில் மேலும் ஆட்களை அனுப்பினார்கள். அன்று மாலை முழுக்க ஜெர்மன் விமானங்கள் வந்து கடற்கரையிலும் கப்பல்களிலும் குண்டு போட்டிருந்தன. பீரங்கிக்காரர்கள் தூக்கமில்லாமல், பயத்தில், விரலைக் குதிரையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்கள். ‘இரவு நம் விமானங்கள் வரும், சுடாதீர்கள்’ என்ற செய்தி எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. முதல் வரிசை தொந்தரவில்லாமல் கடந்துவிட்டது. பிறகு எங்கோ ஒரு பீரங்கி சுட்டது. அவ்வளவுதான், கரையும் கப்பல்களும் சேர்ந்து சுட ஆரம்பித்தன. 23 விமானங்களைத் தங்கள் ஆட்களே சுட்டு வீழ்த்தினார்கள். இன்னும் 37 விமானங்கள் பலத்த சேதத்தோடு திரும்பின.

இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். வயர்லெஸ் துறையில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஒரு செய்தி அனுப்புவது வேறு, அது போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்வது வேறு. சிசிலியில் செத்தவர்களில் பெரும் பங்கினர் எதிரியின் வீரத்தால் சாகவில்லை. ‘நாம் எங்கே இருக்கிறோம்’, ‘வருவது யார்’ என்ற இரண்டு கேள்விகளுக்கு உரிய நேரத்தில் பதில் கிடைக்காததால் செத்தார்கள்.

‘வருவது யார்’ என்பதற்கு, பின்னால் நார்மண்டியில் ஒரு வழி செய்தார்கள். விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள். பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். ‘எங்கே இருக்கிறோம்’ என்பதற்குக் கண்ட விடைதான் வழிகாட்டி வீரர்கள்.

பிரிட்டிஷார் 1942-லேயே இதற்கென்று ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். 21-ஆவது தனிப் பாராசூட் கம்பெனி என்று பெயர். அதை உருவாக்கிய மேஜர் ஜான் லேண்டர் அதே சிசிலிப் போரில் உயிரிழந்தார். அமெரிக்கர்கள் சிசிலிக்குப் பிறகு விழித்துக்கொண்டார்கள். இரண்டே மாதத்தில் அவர்களுக்குப் பரீட்சையும் வந்தது. செப்டம்பர் 13 அன்று, இத்தாலியின் சலெர்னோ கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படை கடலுக்குள் தள்ளப்படும் நிலை. ‘இன்றிரவே ஆள் வேண்டும்’ என்று ஜெனரல் மார்க் கிளார்க் ஒரு விமானி கையில் கடிதம் கொடுத்து அனுப்பினார். அன்றிரவே பாராசூட் வீரர்கள் வந்தார்கள். இந்த முறை முன்கூட்டியே வழிகாட்டும் ஆட்கள் குதித்துக் கருவி வைத்தார்கள். தரையில் இருந்தவர்கள் தகர டப்பாக்களில் பெட்ரோல் ஊற்றிய மணலைக் கொளுத்தி, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் வரிசையாக வைத்தார்கள். கப்பல்களும் கரைப் பீரங்கிகளும் வாயே திறக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பெரும்பாலானோர் குறித்த இடத்திலேயே இறங்கினார்கள். டப்பாவும் மணலும் பெட்ரோலும்தான், ஆனால் சரியான இடத்தில், சரியான நேரத்தில்.

இங்கே அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானத்தில் இருக்கும் பெட்டிக்கு ‘ரெபெக்கா’, தரையில் வைக்கும் பெட்டிக்கு ‘யுரேகா’. யுரேகா என்றால் கிரேக்க மொழியில் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று அர்த்தம். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிய கதை பள்ளியில் படித்ததுதானே. ரெபெக்கா ஒரு வானொலித் துடிப்பை அனுப்பும். அதுவரை யுரேகா மௌனமாக இருக்கும். துடிப்பு வந்ததும் வேறொரு அலைவரிசையில் பதில் கொடுக்கும். விமானத்தின் இரு பக்கமும் உள்ள ஆன்டெனாக்களில் எதில் பதில் பலமாகக் கேட்கிறதோ, அந்தப் பக்கம்தான் களம் என்று திரையில் தெரியும். பதில் திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரமும் தெரியும். கேட்டால்தான் பேசும் என்பதால் எதிரி அதை மோப்பம் பிடிப்பதும் கஷ்டம். எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று, தன்னைத் தானே அழித்துக்கொள்ள உள்ளேயே வெடிமருந்தும் வைத்திருந்தார்கள்.

ஒரு குறையும் இருந்தது. நிறைய விமானங்கள் ஒரே நேரத்தில் கேட்டால் யுரேகா திணறிவிடும். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விமானம் மட்டும்தான் ரெபெக்காவை இயக்க வேண்டும், மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். முன்னேர், பின்னேர் கணக்கு இங்கேயும் வருகிறது பாருங்கள். இன்று விமான நிலையங்களில் உள்ள தூரம் காட்டும் கருவிக்கு, டி.எம்.இ. என்பார்களே, அதற்கு இந்த ஜோடிதான் மூதாதை.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. இந்த ஜோடியை பிரிட்டிஷ் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். அவர் பிறந்தது 1916-ல், நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில்! ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் வருமே, கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அதே அருவங்காடு. ராணுவ அதிகாரியான அவருடைய அப்பாவுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளை பிறகு இங்கிலாந்தில் படித்து, இருபது வயதுக்குள்ளேயே ரேடார் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டார். போருக்குப் பிறகு வானியலுக்குப் போய், ஆஸ்திரேலியாவில் நாராப்ரை என்ற இடத்தில் கருவி அமைத்து, நட்சத்திரங்களின் குறுக்களவை அளந்து பெரும் பெயர் எடுத்தார். அடுத்த முறை மலை ரயிலில் போனால் அருவங்காடு ஸ்டேஷன் வரும்போது பேரன் பேத்திகளுக்குச் சொல்லுங்கள்.

இனி நார்மண்டிக்கு வருவோம். 1944 ஜூன் 6-ஆம் தேதி அதிகாலை. 800-க்கும் மேற்பட்ட டகோட்டாக்களில் சுமார் 13,000 அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் பிரான்சில் குதிக்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் 20 விமானங்களில் ஏறக்குறைய 300 வழிகாட்டி வீரர்கள் கிளம்பினார்கள். இங்கிலாந்தில் நார்த் விதம் என்ற விமானதளத்தில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். ஒவ்வொரு குழுவிடமும் யுரேகா பெட்டியும், மேல்நோக்கி மட்டும் ஒளி போகும்படி செய்த விளக்குகளும் இருந்தன. ஏழு விளக்குகளை ‘டி’ வடிவில் வைத்தால் இதுதான் களம் என்று அர்த்தம். எந்தக் களம் என்பதை விளக்கின் நிறம் சொல்லும். இதையெல்லாம் வைத்து முடிக்க அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான்.

முதலில் ஒரு விமானம் கோளாறாகிக் கடலிலேயே இறங்கிவிட்டது. அதில் இருந்தவர்களை ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்டது. மற்றவை பிரான்ஸ் கரையைத் தொட்டதும் எதிர்பாராத மேகக் கூட்டம் எதிரே வந்தது. யாரும் வானொலியில் பேசக் கூடாது என்பது உத்தரவு. அதனால், ‘இங்கே மேகம் இருக்கிறது, ஜாக்கிரதை’ என்று பின்னால் வரும் 800 விமானங்களுக்குச் சொல்ல வழியில்லை. முன்னால் போனவர்களுக்குத் தெரிந்தும் சொல்ல முடியாத நிலை.

கேப்டன் ஃபிராங்க் லில்லிமேன் குழுவினர் இரவு 12.15 மணிக்குக் குதித்தார்கள். அன்றைக்கு நார்மண்டி மண்ணில் முதலில் கால் வைத்த அமெரிக்க வீரர் என்று அவரைச் சொல்வது வழக்கம். இறங்கிப் பார்த்தால், தங்களுக்குக் குறித்த களத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் வடக்கே இருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது? கருவிகளைத் தூக்கிக்கொண்டு, ஜெர்மானியர் கண்ணில் படாமல், வேலிகளைத் தாண்டிச் சரியான களத்துக்குப் போக நேரமில்லை. விளக்கே வைக்காமல் விட்டால் பின்னால் வருபவர்களுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. கடைசியில், நிற்கும் இடத்துக்கு அருகிலேயே கருவியை வைத்தார்கள். ஆயிரம் பேர் ஒரு மைல் தள்ளி இறங்கினாலும் பரவாயில்லை, பத்து மைல் சிதறுவதைவிட மேல். விளக்கு பிடிப்பவனுக்கு இதைவிடக் கஷ்டமான தீர்மானம் இருக்க முடியுமா?

வேறு இடங்களில் அதுவும் நடக்கவில்லை. மெர்டெரே ஆற்றுக்கு மேற்கே இருந்த களங்களில் ஒன்றில், சுற்றிலும் ஜெர்மன் ஆட்கள் இருந்ததால் விளக்கை ஏற்ற முடியவில்லை. இன்னொன்றில் வழிகாட்டிகளே ஒரு மைலுக்கு மேல் தள்ளி இறங்கியிருந்தார்கள். மேகத்துக்குள் கலைந்து போன விமானங்கள் கீழே எதையும் காணாமல் ஆட்களை இறக்கிவிட்டன. ஜெர்மானியர் அந்த ஆற்றின் தாழ்வான நிலங்களில் தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் புல்வெளி மாதிரி தெரியும். முதுகிலும் மார்பிலும் கனத்த மூட்டைகளோடு அதில் விழுந்தவர்களில் பலர், இடுப்பளவுத் தண்ணீரில்கூட எழுந்திருக்க முடியாமல் மூழ்கினார்கள்.

ஒரு களத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சேன்-மேர்-எக்லீஸ் ஊருக்கு அருகே 505-ஆவது ரெஜிமெண்டுக்கான வழிகாட்டிகள் சரியான வயலில் இறங்கி, யுரேகாவையும் விளக்குகளையும் வைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த விமானிகள் மேகத்தைத் தாண்டியதும் விளக்கைப் பார்த்து, தப்பிய வழியைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த ரெஜிமெண்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் களத்திலோ அதற்கு ஒரு மைல் தூரத்துக்குள்ளோ இறங்கினார்கள். அன்றிரவு அமெரிக்கர்களுக்கு அதுதான் மிகச் சிறந்த இறக்கம். விடிவதற்குள் அவர்கள் அந்த ஊரைப் பிடித்துவிட்டார்கள்.

அந்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தில் பாராசூட் மாட்டிக்கொண்டு தொங்கிய ஜான் ஸ்டீல் என்ற வீரரை ‘தி லாங்கஸ்ட் டே’ படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்றும் அந்தக் கோபுரத்தில் அவர் நினைவாக ஒரு பொம்மை வீரனைத் தொங்க விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு வெளியே இருட்டு வயலில் விளக்கு வைத்தவர்களை எத்தனை பேர் நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று, ஹாலந்தில் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் படை போனது. முன்பு சொன்ன 21-ஆவது கம்பெனியின் 186 பேர் 12 விமானங்களில் முன்னால் போய்க் களம் குறித்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த யூத அகதிகள் சிலரும், ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியில் இருந்தார்கள். பிடிபட்டால் தங்கள் கதி என்னவாகும் என்பது தெரிந்தே முன்வரிசையில் குதித்தவர்கள். பட்டப்பகல், நல்ல வானிலை. பின்னால் வந்த கிளைடர்களும் பாராசூட் வீரர்களும் பயிற்சியில் இறங்குவது போலக் கச்சிதமாக இறங்கினார்கள்.

சங்கடம் அதற்குப் பிறகு. உணவும் குண்டும் போடுவதற்காக முன்பே குறித்து வைத்த இடத்தை அவர்களால் பிடிக்க முடியவில்லை. அது ஜெர்மானியர் கையில் இருந்தது. இடத்தை மாற்றச் சொல்லி அனுப்பிய வயர்லெஸ் செய்தி விமானங்களுக்குப் போய்ச் சேரவில்லை. செப்டம்பர் 19 அன்று சரக்கு விமானங்கள் வந்தன. கீழே இருந்தவர்கள் யுரேகாவை இயக்கினார்கள், பாராசூட் துணிகளை விரித்தார்கள், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஆட்டினார்கள். விமானிகளோ தங்களுக்குச் சொல்லப்பட்ட இடத்திலேயே போட்டார்கள். டேவிட் லார்ட் என்ற விமானி, இறக்கை எரிந்துகொண்டிருக்கும்போதே, மிச்சம் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்று தெரிந்து இன்னொரு சுற்று வந்து அவற்றையும் போட்டார். போட்டு முடித்ததும் விமானம் விழுந்தது. ஒரே ஒருவர்தான் பிழைத்தார். லார்டுக்கு இறந்தபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். ஆனால் அவர் உயிரைக் கொடுத்துப் போட்ட சரக்கு ஜெர்மானியர் கையில் இருந்த நிலத்தில்தான் விழுந்தது என்பதை அவர் அறியவே இல்லை. கீழே நிற்பவனின் குரல் மேலே எட்டாவிட்டால் வீரமும் வீண்தான்.

இந்தக் கதையில் மனதுக்கு ஆறுதலான அத்தியாயம் 1944 டிசம்பரில் வருகிறது. பெல்ஜியத்தில் பாஸ்டோன் என்ற ஊரில் அமெரிக்காவின் 101-ஆவது டிவிஷனை ஜெர்மானியர் சுற்றி வளைத்துவிட்டார்கள். உறைபனி. மருத்துவக் கம்பெனியே எதிரியிடம் பிடிபட்டுவிட்டது. பீரங்கிக்கு நாளொன்றுக்குப் பத்துக் குண்டு என்று ரேஷன். டிசம்பர் 22 அன்று சரணடையச் சொல்லி வந்த கடிதத்துக்கு ஜெனரல் மெக்காலிஃப் ஒற்றைச் சொல்லில் மறுப்பு எழுதி அனுப்பியது பிரபலமான கதை. மறுத்தாயிற்று, சுடக் குண்டு வேண்டுமே?

மறுநாள், 23-ஆம் தேதி, வானம் தெளிந்தது. காலை ஒன்பதரை மணி வாக்கில் இரண்டு விமானங்களிலிருந்து 20 வழிகாட்டி வீரர்கள் முற்றுகைக்குள் குதித்தார்கள். அவர்களில் ஜேக் மெக்நீஸ் என்று ஒருவர். ஒழுங்குக்குக் கட்டுப்படாத ஆள் என்று பெயர் வாங்கியவர். இனிமேல் பாராசூட் தாக்குதல் நடக்காது, வழிகாட்டிப் பிரிவில் சேர்ந்தால் போர் முடியும்வரை இங்கிலாந்தில் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சேர்ந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கணக்கு தப்பி, பாஸ்டோனில் வந்து விழுந்தார்!

அவர்கள் செங்கல் குவியல்மேல் ஏறி யுரேகாவை நிறுத்தியிருக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. குளிருக்கு ஒடுங்கிய சில ஆட்கள், ஒரு பெட்டி, ஒரு ஆன்டெனா. பார்த்தால் போர்ப்படம் என்றே தோன்றாது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஆன்டெனாவைத் தேடி டகோட்டாக்கள் வரத் தொடங்கின. மாலைக்குள் 241 விமானங்கள் வந்து 144 டன் சரக்கைப் போட்டன. ஏறக்குறைய எல்லாமே உரியவர்கள் கையில் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, ஜெனரல் பாட்டனின் டாங்கிகள் வந்து முற்றுகையை உடைத்தன. அதுவரை ஊரைத் தாங்கிப் பிடித்ததில் அந்த 20 பேருக்கும் பங்குண்டு.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1971 டிசம்பரில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆகாசவாணிச் செய்தி கேட்டவர்கள் நாம். டிசம்பர் 11 அன்று நம் இரண்டாவது பாரா பட்டாலியன், கர்னல் பன்னு தலைமையில், டாங்கைல் அருகே பூங்லி பாலத்தைப் பிடிக்கக் குதித்தது. டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையின் வழியை மறிப்பது நோக்கம். விமானங்கள் கிளம்புவதற்கு எத்தனையோ நாள் முன்பே, நம் பாராசூட் படைப்பிரிவைச் சேர்ந்த ஓர் அதிகாரி முக்தி வாகினி ஆட்களோடு எல்லை தாண்டி உள்ளே போய், அங்கேயே தங்கி, களத்தைத் தேர்ந்தெடுத்துக் குறித்து வைத்திருந்தார். பாராசூட்டில் குதித்துச் செய்த வேலையை இவர் நடந்து போய்ச் செய்தார். பாலம் பிடிபட்டது. 16-ஆம் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்களில் அந்தப் பட்டாலியன் வீரர்களும் உண்டு.

இன்று துணைக்கோள் வழிகாட்டுகிறது. கைக்கடிகாரம் அளவுப் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இருந்தாலும் பிரிட்டிஷ் ராணுவத்தில் பாத்ஃபைண்டர் பிளட்டூன் இன்னமும் இருக்கிறது. காரணம் லேசானது. களம் எங்கே என்று துணைக்கோள் சொல்லும். அந்தக் களம் ஈரமாக இருக்கிறதா, வேலிக்குப் பின்னால் எதிரி படுத்திருக்கிறானா, ‘இன்றைக்கு வராதே’ என்று திருப்பி அனுப்ப வேண்டுமா என்பதை அங்கே நிற்கும் ஆள்தான் சொல்ல வேண்டும். ஆர்ன்ஹெமில் தேவைப்பட்டதும் அதுதான்.

போர்களைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை பேர் போனார்கள், எத்தனை பீரங்கி, யார் ஜெயித்தார்கள் என்றுதான் பார்க்கிறோம். இந்த வழிகாட்டிகளின் கதையைப் படித்த பிறகு நான் வேறொன்றையும் தேடுகிறேன். முன்னால் போனவர் யார்? அவர் கண்டதைப் பின்னால் வந்தவருக்குச் சொல்ல முடிந்ததா? சிசிலிக் கடலில் மூழ்கியவர்களுக்கும் பாஸ்டோனில் பிழைத்தவர்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விக்கான பதில்தான்.

நம் வாசகர்களில் ராணுவத்தில், குறிப்பாகப் பாராசூட் பிரிவிலோ சிக்னல்ஸிலோ பணியாற்றியவர்கள் இருப்பீர்கள். உங்கள் அனுபவம் ஏதும் இருந்தால் எழுதுங்கள். அடுத்தவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.